ஐ.பி. (திவால் மனு, அதாவது மஞ்சள் கடுதாசி) கொடுக்க வேலூர் பக்கம் எந்த வக்கீலைப் பார்ப்பது?

தறிக்காரர் மகன்:
குடியாத்தத்தில் அப்பா லுங்கித் தறி ஓட்டிக்கொண்டிருந்தார். ஆர்டர் குறைந்ததும் கடனை அடைக்கக் கடன் வாங்கி இப்போது மொத்தம் 14 லட்சத்தில் நிற்கிறது. தறிக் கொட்டகைப் பத்திரம் வங்கியில், அம்மா பெயரில் குழுக் கடன், இரண்டு பேரிடம் புரோநோட்டு, அதில் ஒருவர் கையெழுத்துப் போட்ட செக்கும் வாங்கி வைத்திருக்கிறார். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ஆள் வந்து வாசலில் உட்கார்ந்துகொள்கிறார்கள், அப்பா சரியாகச் சாப்பிடுவதே இல்லை. வீட்டைச் சித்தப்பா பெயருக்கு மாற்றிவிட்டு மஞ்சள் கடுதாசி கொடுத்துவிடச் சொல்கிறார் மாமா. ஒரு புரோக்கர் 60 ஆயிரம் கொடுத்தால் எல்லாக் கடனும் போய்விடும் என்கிறார். நம்பலாமா? யாரிடம் போவது?

சத்துவாச்சாரி குமாஸ்தா:
தம்பி, வீட்டை யார் பெயருக்கும் மாற்றாதீர்கள். மாற்றி இரண்டு வருஷத்துக்குள் ஐ.பி. மனு போட்டால் அந்தப் பத்திரத்தையே கோர்ட் ரத்து செய்யலாம், சொத்தை மறைத்தார் என்ற பழியும் அப்பா மேல் விழும். நம்ம பக்கம் தனிநபருக்கு இன்னும் 1920-ஆம் வருஷத்து மாகாணத் திவால் சட்டம்தான், 2016-இல் வந்த புதுத் திவால் சட்டத்தில் சாதாரண ஆட்களுக்கான பகுதி நடைமுறைக்கு வரவில்லை. கம்பெனி தீர்ப்பாயம், சென்னை என்று யாராவது இழுத்தால் போக வேண்டாம், மனு சப் கோர்ட்டில்தான்.

புரோக்கர் சொல்வது பொய். வங்கி அடமானம் அப்படியே நிற்கும், செக் கேஸ் வந்தால் ஐ.பி. அதை நிறுத்தாது, அம்மாவின் கடன் அப்பா மனுவில் வராது. புரோநோட்டு மாதிரி அடமானம் இல்லாத கடனுக்குத்தான் இது உதவும்.

சிவில் பார்க்கிற, ஐ.பி. நடத்திய வக்கீலாகத் தேடுங்கள். வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி, அதனால் நோட்டீஸ் ஒட்டி ஆள் பிடிப்பவரிடம் வேண்டாம். திவாலானவர் என்று உத்தரவு வாங்குவதோடு நிறுத்துவாரா, டிஸ்சார்ஜ் (கடனிலிருந்து விடுவிக்கும் உத்தரவு) வரை நடத்துவாரா என்று கேளுங்கள். கோர்ட் கொடுத்த காலத்துக்குள் டிஸ்சார்ஜ் மனு போடாவிட்டால் முதல் உத்தரவே ரத்தாகும், நிறையப் பேர் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

ஆம்பூர் அக்கா:
தம்பி, பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. சத்துவாச்சாரி கோர்ட் வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் அம்மாவை மனு கொடுக்கச் சொல்லுங்கள், அப்பா வருமான வரம்புக்குள் வந்தால் அவருக்கும் கேட்கலாம். 15100 என்ற சட்ட உதவி எண்ணுக்கு முதலில் பேசிவிட்டுப் போங்கள். ராத்திரி வருகிறவர்கள் வங்கி ஆட்கள் என்றால், காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் தொந்தரவு செய்யக் கூடாது என்று ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது. தனியார் வட்டிக்காரர் என்றால் 2003 கந்துவட்டிச் சட்டம் இருக்கிறது, போலீசில் எழுதிக் கொடுங்கள். அப்பாவைத் தனியாக விடாதீர்கள், கூடவே இருங்கள்.

தறிக்காரர் மகன்:
ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. திங்கட்கிழமை அம்மாவோடு போகிறேன். என்னென்ன எடுத்துப் போகணும்?

சத்துவாச்சாரி குமாஸ்தா:
கடன் கொடுத்த ஒவ்வொருவரின் பெயர், ஊர், தொகை, எப்போது வாங்கியது, எவ்வளவு கட்டியது எல்லாம் ஒரே தாளில். சொந்தக்காரரிடம் வாங்கிய கைமாத்தையும் எழுதுங்கள். பிறகு வீட்டுப் பத்திரம், பாஸ்புக், வந்த நோட்டீஸ்கள். புரோநோட்டு நகல் கையில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, விவரம் போதும்.