கறிவேப்பிலைக் கன்றோடு கல்கரிக்கு

தங்கச்சிக்கு மேற்குக் கனடாவில், கல்கரியில் வேலை கிடைத்தது. ஜனவரி நடுவில் சேர வேண்டும். நாங்கள் இருக்கும் ரொறொன்ரோ ஸ்காபரோவிலிருந்து கிட்டத்தட்ட 3,400 கிலோமீற்றர். "சாமானை லொறியில அனுப்பிப்போட்டு நீ பிளேனில போ" என்றேன். கேட்டால்தானே! அம்மாவின் கறிவேப்பிலை மரத்தடியில் முளைத்த குட்டியொன்றைச் சாடியில் வைத்திருந்தாள். லொறியில் ஏற்றினால் முதல் இரவே விறைத்துச் செத்துவிடும். ஆகவே மினி வானின் நடு சீற்றில் அதற்குப் பெல்ட் போட்டு ஓர் இடம். எனக்குக் கால் நீட்ட இடமில்லை.

ஒன்ராறியோ மாகாணத்தின் நீளம் வரைபடத்தில் தெரியாது, ஓடினால்தான் தெரியும். எல்லையைத் தாண்ட நாலாம் நாளாகிவிட்டது. அதில் ஒரு நாள் வாவா என்ற சிற்றூரில் போனது. சுப்பீரியர் ஏரிக் காற்று பனியை அள்ளிக் கொட்ட, 17ஆம் நெடுஞ்சாலையை மூடிவிட்டார்கள். சுற்றிப் போகக் கிட்டத்தில் வேறு வீதியா இருக்கிறது? (2016 ஜனவரியில் இதே நெடுஞ்சாலையில் நிபிகன் பாலத்தின் ஒரு பக்கம் மேலே கிளம்பியபோது நாட்டின் கிழக்கும் மேற்கும் அப்படித்தான் அறுந்து கிடந்தன.) ஊர் வாசலில் அந்தப் பெரிய வாத்துச் சிலை மட்டும் எதையும் பொருட்படுத்தாமல் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது.

மோட்டல் முழுக்க லொறிக்காரர். கடைசி அறை எங்களுக்கு. போர்வையால் சுற்றிய ஒன்றைத் தங்கச்சி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடிவந்ததைப் பார்த்து, குழந்தையாக்கும் என்று நினைத்துக் கதவைத் திறந்துபிடித்தார் மோட்டல்கார அம்மா. போர்வையை விலக்கியதும் சிரித்த சிரிப்பு! ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி மணந்து பார்த்தார், முகம் சுளித்தார், இன்னொரு தரம் மணந்தார். ஹீட்டருக்குப் பக்கத்தில் வைக்கப் போனோம். "வேண்டாம், அந்தக் காய்ந்த காற்று இலையை உதிர்த்துவிடும். சுடுதண்ணியில் குளித்துவிட்டுக் குளியலறையிலேயே வையுங்கள்" என்றார். தங்கச்சி அன்றிரவு இரண்டு தரம் குளித்தாள்.

வினிபெக்கில் விடிய மைனஸ் 34. ஹோட்டல் வாகனத் தரிப்பிடத்தில் கார்களின் முன்பக்கத்திலிருந்து வயர் தொங்கிக் கம்பங்களில் சொருகியிருந்தது. "இங்க எல்லாரும் கரண்ட் கார்தானோ அண்ணா?" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன், சொல்லவில்லை. அது எஞ்சினைச் சூடாக வைத்திருக்கும் புளொக் ஹீட்டராம். எங்கள் வானில் அது கிடையாது. சாவியைத் திருப்ப ஒரு முனகல், அவ்வளவுதான். பக்கத்து பிக்கப்காரர் ஒன்றும் கேட்காமல் கேபிளோடு வந்து பற்றரிக்குப் பூஸ்ட் கொடுத்தார். பேர் கேட்கக் கையுறையைக் கழற்றிக் கைகொடுக்கப் போனேன். "கையுறையைக் கழற்றாதே" என்றுவிட்டுப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு எரிபொருள் அடிக்கும்போதுகூட கன்றிருக்கும் பக்கக் கதவைத் திறக்கத் தடை. ரெஜைனா வரை நான் ஓட்டுநர் பக்கத்தால்தான் ஏறி இறங்கினேன்.

ஆறாம் நாள் இரவு கல்கரி. சாமான் இறக்க முதல் அம்மாவுக்கு வீடியோ கோல். வந்து சேர்ந்தீர்களா என்று கேட்கவில்லை. "கன்று எப்படி?" தங்கச்சி கமராவைத் தன் முகத்துக்கே பிடித்துக்கொண்டு, "நல்லா இருக்கம்மா, அப்படியே இருக்கு" என்றாள்.

நான் எண்ணினேன். பதினொரு இலை.