40 இடத்துக்கு ரெஸ்யூம் போட்டாச்சு, ஒரு போன்கூட வரல. எது தப்பு?

மழைத்துளி:
குடோன்ல ஸ்டாக் கணக்கு பார்க்கிற வேலையில 6 வருஷம் இருந்தேன். அப்பாவுக்கு உடம்பு முடியாமப் போனதால வேலையை விட்டு 14 மாசம் ஆச்சு. இப்போ அவர் தேவலை, திரும்ப வேலை தேடுறேன். ரெண்டு மாசமா போடுற இடத்திலிருந்தெல்லாம் 'விண்ணப்பம் கிடைத்தது'ன்னு மெயில் வருது, அதோட சரி. ரெஸ்யூம் ரெண்டு பக்கம், இடதுபுறம் நீலப் பட்டை வச்ச டிசைன். மேலே 'சவாலான பணிச்சூழலில் திறமையை வளர்த்துக்கொள்வதே என் நோக்கம்', கீழே 'ஸ்டாக் பராமரிப்புக்குப் பொறுப்பு'. கவர் லெட்டர் எல்லாருக்கும் ஒண்ணுதான், கம்பெனி பேரை மட்டும் மாத்துவேன். அந்த 14 மாசத்தை எப்படி மறைக்கிறது?

காகிதக்கப்பல்:
முதல்ல நீலப் பட்டையைத் தூக்குங்க. உங்க பிடிஎஃப்ல இருக்கிற எல்லாத்தையும் காப்பி பண்ணி நோட்பேடில் ஒட்டிப் பாருங்க. நான் பார்த்தப்போ என் போன் நம்பருக்கு நடுவுல 'எக்செல்' வந்து உட்கார்ந்திருந்தது! பட்டை ஒரு பக்கம், மீதி ஒரு பக்கம்னு பக்கம் நெடுக்கா ரெண்டாப் பிரிஞ்சிருந்தா, ரெஸ்யூமைப் படிக்கிற சில சாஃப்ட்வேர் இப்படித்தான் கலந்து படிக்கும்.

பழையபேனா:
எட்டு வருஷமா ஆள் எடுக்கிற பக்கம் உட்கார்ந்திருக்கேன், அதனால கொஞ்சம் நீளும்.

'நோக்கம்'கிற வரியை நான் ஒரு தடவைகூட முழுசாப் படிச்சதில்லை. கண்ணு நேரா கடைசியா பார்த்த வேலைக்குத்தான் போகும். அங்கே 'பொறுப்பு'ன்னு மட்டும் இருந்தா, அது உங்களை எடுக்கும்போது அவங்க போட்ட விளம்பரம். நீங்க செஞ்சது எங்கே? எத்தனை வகைச் சரக்கு? கணக்கும் இருப்பும் இடிச்சா யார் கண்டுபிடிச்சது?

14 மாசத்தை மறைக்காதீங்க. தேதியைப் பார்த்தாலே தெரிஞ்சிடும், அப்புறம் நாங்களே ஏதாவது கற்பனை பண்ணிக்குவோம். 'குடும்பத்தில் ஒருவரைக் கவனித்துக்கொள்ள இடைவெளி. இப்போது முழுநேர வேலைக்குத் தயார்'னு ஒரே வரி. நோயோட விவரமெல்லாம் வேண்டாம்.

பேரை மட்டும் மாத்துற லெட்டர்தான் ஆபத்து. போன வாரம்கூட எங்களுக்கு வந்த ஒண்ணுல வேற கம்பெனி பேர் இருந்தது. 1482 வாக்கில் மிலானோட அதிகாரத்தைக் கையில வச்சிருந்த லுடோவிகோ ஸ்ஃபோர்ஸாவுக்கு லியோனார்டோ டா வின்சி எழுதின வேலைக் கடிதத்தோட வரைவு இன்னும் இருக்கு. தூக்கிட்டுப் போற பாலம், பீரங்கி, கோட்டையை உடைக்கிற வழின்னு அடுக்கிட்டு, ஓவியமும் வரைவேங்கிறதைக் கடைசியிலதான் சொல்றார். அவருக்கு எது நல்லா வரும்ங்கிறதைவிட எதிராளிக்கு எது வேணும்ங்கிறது முன்னாடி நிக்குது. (அந்த வரைவுல இருக்கிறது அவர் கையெழுத்து இல்லையாம். லெட்டர் எழுத ஆள் பிடிக்கிறது அப்பவே உண்டு போல.)

மழைத்துளி:
நோட்பேடில் ஒட்டிப் பார்த்தேன், என் பேரே ரெண்டாம் பக்கத்தில்தான் வருது! வேலை விவரத்தை இப்படி மாத்தினேன்: '1,200 வகைச் சரக்கு. வருட முடிவில் ஒரே தடவை எண்ணுவதை மாற்றி, வாரம் ஒரு ரேக் என்று எண்ணத் தொடங்கினேன். கணக்கில் இடித்த வகைகள் 90-லிருந்து 15 ஆகின.' தம்பட்டம் அடிக்கிற மாதிரி இல்லையே?

பழையபேனா:
நடந்ததைத்தானே எழுதியிருக்கீங்க. ஆனா இன்டர்வியூல 'மிச்சம் 15 ஏன்?'னு நிச்சயம் கேட்பாங்க. பதில் இருக்கா?

மழைத்துளி:
இருக்கு. 11 வகை, வாடிக்கையாளர் திருப்பி அனுப்பினது. வாசல்ல இறக்கி வச்சிட்டு யாரும் பதிவு பண்றதில்லை. அதுக்கு ஒரு நோட்டு போடணும்னு சொல்லிக்கிட்டிருந்தப்பதான் நான் வேலையை விட வேண்டியதாச்சு.

பழையபேனா:
இதைத்தாங்க கவர் லெட்டரோட முதல் பாராவா வைக்கணும். எழுதி இங்கே போடுங்க, பார்க்கலாம்.