வேளாண் டிப்ளமாவில் ட்ரோன் பாடம் நம்ம கரைக்குத் தேவையா?

திருவாடானைக்காரன்: வேளாண் டிப்ளமா படிக்கிற என் தங்கச்சி மகன் லீவுக்கு வந்திருக்கான். ட்ரோன்ல மருந்தடிக்கிறதைப் பத்தி ஒரு மணி நேரம் பேசுறான். கிணத்துத் தண்ணிய வாயில வச்சுப் பாத்து உப்பு ஏறியிருக்கான்னு சொல்லத் தெரியல. புழுதியில விதைச்சுட்டு ஐப்பசி மழைக்கு வானத்தைப் பாக்குற ஊருக்கு இந்தப் படிப்பு எதுக்கு?

வேளாண் ஆசிரியை, ராமநாதபுரம்: அண்ணே, கரிக்குதுன்னு நாக்கு சொல்லும், எவ்வளவுன்னு சொல்லாது. மண்ணுல இருக்கிற உப்பை, அது மின்சாரத்தைக் கடத்துற அளவை வச்சு மீட்டருக்கு இத்தனை டெசிசைமன்னு கணக்கிடுவாங்க. உவர் நிலம்னு வகைப்படுத்துறது அது 4-க்கு மேல போனாத்தான். ஆனா மிளகாய்க்கு 1.5 தாண்டினாலே மகசூல் இறங்க ஆரம்பிக்கும். நடுவுல மாட்டுற தோட்டக்காரர் ‘என் மண்ணு நல்ல மண்ணு’ன்னு நம்பிக்கிட்டே நஷ்டப்படுறார். இந்த உப்பை அளக்குற கையடக்க இ.சி. மீட்டரைப் பசங்களுக்குப் பழக்குறது அதுக்குத்தான்.

சாயல்குடி வத்தல்: அந்த 1.5 எந்த ரகத்துக்கு டீச்சர்? நம்ம முண்டு மிளகாய் 2023-ல புவிசார் குறியீடு வாங்கினது, இந்தக் கரையிலயே மானாவாரியா வளர்ந்தது. புத்தகக் கணக்கை அதுக்கு அப்படியே போடாதீங்க. விவசாயிகளுக்கு வானிலை சொல்ற மேக்தூத் செயலியும் அப்படித்தான். செவ்வாய், வெள்ளின்னு 5 நாள் வானிலை சொல்லுது. முளைச்ச பயிருக்கு அடுத்த மழை 15 நாள் தள்ளிப்போனா கருகிடுமே, அதுக்கு என்ன சொல்லும்?

வேளாண் ஆசிரியை, ராமநாதபுரம்: நியாயமான கேள்வி. முண்டுக்கு என்ன அளவுன்னு பசங்களே உங்க தோட்டத்துல அளந்து, மகசூலோட சேத்து எழுதட்டும். பாடம்னா அதுதான். விதைப்புக்கு 5 நாள் போதாது, ஒத்துக்கிறேன். ஆனா களத்துல பழம் காயப்போட்டிருக்கிறவருக்கு நாளைக்கு மழைன்னு தெரிஞ்சா போதும். நனைஞ்ச பழம் வெளுத்துப்போனா பாதி விலை கூடத் தேறாது.

தொண்டிப் பொண்ணு: களை எடுக்கிறதும் பழம் பறிக்கிறதும் நாங்க. ஸ்மார்ட்போன் இருக்கிறது ஆம்பளைங்க கையில. செயலி மட்டும் சொல்லிக்கொடுத்தா எங்களுக்கு ஒண்ணும் வந்து சேராது. கிசான் கால் சென்டர் 1800-180-1551-க்குச் சாதாரண போன்லயே பேசலாம், தமிழ்லயே பதில் சொல்றாங்க. முதல்ல அதை ஊர்ல சொல்லிக்கொடுக்கச் சொல்லி மாணவர்களை அனுப்புங்க.

திருவாடானைக்காரன்: மீட்டரும் போனும் சரி, அவனை அளந்து பாக்கச் சொல்றேன். ட்ரோனுக்கு இன்னும் நான் உடன்படல. எங்க செய் ஒவ்வொண்ணும் அரை ஏக்கர், முக்கா ஏக்கர். கடக்காத்து அடிக்கையில மருந்து பக்கத்து வயல்ல போய் விழுந்தா யார் பதில் சொல்றது? அதையும் பாடத்துல வச்சிருக்கீங்களா டீச்சர்?