நகராட்சிக் காற்றாலைச் சத்தம்: புகார் கொடுத்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தூக்கம்தேடி

நகராட்சியே காற்றாலை நட்டு, அதன் சத்தத்தைப் பற்றி அதே நகராட்சியிடம் போய் நின்றவர்கள் இங்கே இருக்கிறீர்களா? என் கதையை முதலில் சொல்கிறேன்.

பகலில் எனக்கு ஒன்றும் தெரியாது. வண்டிகள், பறவைகள், பக்கத்து வீட்டுப் பேச்சு எல்லாம் சேர்ந்து அமுக்கிவிடும். ராத்திரிதான் ஆரம்பம். வாசலில் ஒரு இலை கூட அசையாது, ஆனால் மேலே இறக்கை நல்ல வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். உஸ்... உஸ்... உஸ்... ஒரே சீராக இருந்தால் கூடப் பழகியிருப்பேன். ஏறி இறங்கி ஏறி இறங்கி வருகிறது. அடுத்தது எப்போது வரும் என்று மனசு தானாகவே காத்திருக்க ஆரம்பித்துவிடுகிறது.

புகார் கொடுத்தேன். "நாற்பது டெசிபல்தான் சார், நூலகத்தில் இருக்கும் சத்தம்" என்றார் அதிகாரி. நூலகம் ராத்திரி முழுக்க மூச்சு வாங்காதே என்றேன். சிரித்தார், அவ்வளவுதான். அளக்க வந்தார்கள், அதுவும் நடுப்பகலில். "விதிக்கு உட்பட்டிருக்கிறது" என்று கடிதம் வந்தது. அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்ட பிரிவுதான் காற்றாலை வருமானத்துக்கும் கணக்கு வைக்கிறது.

டெசிபல் தாத்தா

சத்தம் அளப்பதுதான் எனக்குத் தொழில், இப்போது ஓய்வில் இருக்கிறேன். நகராட்சிகளுக்கும் அளந்திருக்கிறேன், குடியிருப்பவர்களுக்கும் அளந்திருக்கிறேன். இரண்டு தரப்பும் என்னைத் திட்டியதுண்டு.

நீங்கள் சொல்லும் "இலை அசையாத ராத்திரி" கற்பனை இல்லை. சூரியன் இறங்கியதும் தரை குளிர்ந்து, கீழே காற்று அடங்கிவிடும். கோபுர உயரத்தில் அது அடங்காது, சில நேரம் கூடவே செய்யும். ஜெர்மனி - நெதர்லாந்து எல்லையருகே ரேடே என்ற இடத்துக் காற்றாலைகளைப் பற்றி 2004-இல் ஓர் ஆய்வு வந்தது. ராத்திரியில் மேலே காற்று வேகம் எதிர்பார்த்ததைப் போல 2.6 மடங்கு வரை இருந்திருக்கிறது. தரையருகே அதே காற்று வீசும் பகலோடு ஒப்பிட்டால் சத்தம் 15 டெசிபல் வரை கூடியிருக்கிறது. 10 டெசிபல் கூடினாலே காதுக்கு ஏறக்குறைய இரட்டிப்பாகக் கேட்கும். கீழே மற்ற சத்தங்கள் ஓய்ந்த நேரம் என்பதால் மறைக்கவும் எதுவும் இருக்காது.

அதனால் மத்தியானம் எடுத்த அளவை வைத்து ராத்திரிப் புகாருக்குப் பதில் எழுதுவதை என்னால் ஏற்க முடியாது. சராசரியிலும் ஒரு சிக்கல் உண்டு. பத்து நிமிடச் சத்தத்தைக் கூட்டி ஒரே எண்ணாக்கினால், ஏறி இறங்குவது அந்த எண்ணுக்குள் காணாமல் போய்விடும். உங்களை எழுப்புவதே அந்த ஏற்ற இறக்கம்தான்.

இருக்கும் நல்ல வழி, காற்றாலையைக் கொஞ்ச நேரம் நிறுத்தி அளப்பது, மறுபடி ஓடவிட்டு அளப்பது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சூழலில் ஏற்கெனவே இருக்கும் சத்தத்தை விட 10 டெசிபலுக்கு மேல் கூடக்கூடாது என்று வைத்திருக்கிறார்கள். டென்மார்க்கில் திறந்தவெளியில் இருக்கும் தனி வீட்டுக்கு, காற்று நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் இருக்கும்போது 44 டெசிபல் வரம்பு. 2012 முதல் வீட்டுக்குள் வரும் தாழ்ந்த அதிர்வெண் ஒலிக்கும் (கட்டையான உறுமல்) தனியாக 20 டெசிபல் வரம்பு இருக்கிறது. உங்கள் ஊர் விதி ஏற்கெனவே இருக்கும் சத்தத்தோடு ஒப்பிடுகிறதா, நிலையான ஓர் எண்ணை வைக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பழைய மன்றக்காரர்

எல்லோரும் நகராட்சியை வில்லனாக்குகிறீர்கள், சரி. நகர்மன்ற உறுப்பினராக மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்தவன் நான்.

காற்றாலை கடனில் வாங்கியது. மின்சாரம் விற்ற பணத்தில் தவணை கட்ட வேண்டும், வரவுசெலவிலும் அந்தப் பணத்தை ஏற்கெனவே எழுதிவைத்தாயிற்று. ராத்திரி நிறுத்து என்றால், துண்டு விழுவதை எந்தக் கணக்கிலிருந்து எடுப்பது? இதைக் கேட்டால் தூரத்தில் குடியிருப்பவர்கள் "அதற்காக எங்கள் வரியை ஏற்றாதே" என்பார்கள். அவர்கள் வீட்டில் சத்தமே கேட்காது, ஆனால் ஓட்டு அவர்களிடம்தான் அதிகம்.

மாசசூசெட்ஸ் பேச்சு வந்ததால் சொல்கிறேன். அங்கே ஃபால்மத் என்ற ஊரில் நடந்ததை நாங்கள் மன்றத்தில் படித்துப் பார்த்தோம். ஊர் நிர்வாகமே கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் 1.65 மெகாவாட் காற்றாலை ஒன்றை 2010-இல் ஓடவிட்டது, 2012-இல் இன்னொன்று. சுற்றியிருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். 2013-இல் இரண்டு காற்றாலைகளையும் அகற்ற நிதி கேட்டு வாக்கெடுப்பு நடந்தது, ஊர்க்காரர்களில் பெரும்பான்மையோர் மாட்டோம் என்றார்கள். அதே ஆண்டு நீதிமன்றம் காலை 7 முதல் மாலை 7 வரை மட்டும் ஓட்டலாம், ஞாயிறு கூடாது என்றது. முதல் காற்றாலைக்கு ஊர் நிர்வாகமே தனி அனுமதி வாங்கியிருக்க வேண்டும் என்று 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. 2017-இல் இரண்டும் தொல்லைதான், நிறுத்து என்று தீர்ப்பு. மேல்முறையீட்டுக்குப் போகாமல் விட்டுவிட்டார்கள். 2022-இல் கழற்றி இறக்கினார்கள்.

எங்களைப் பயமுறுத்தியது அந்த 2015 தீர்ப்புதான். தனியார் யாராவது கேட்டிருந்தால் பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு விசாரித்திருப்போம். நம்முடையது என்பதால் அந்தப் படியைத் தாண்டிவிடத் தோன்றும். பிற்பாடு வழக்கு அங்கேதான் போய் நிற்கும்.

பக்கத்து வயல்

நான் உங்களை விட ரொம்பப் பக்கத்தில் இருக்கிறேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. படுத்தால் தூங்கிவிடுவேன்.

தூக்கம்தேடி

நில வாடகை வருகிறதா உங்களுக்கு?

பக்கத்து வயல்

வருகிறது. அதற்கும் காதுக்கும் என்ன சம்பந்தம்?

டெசிபல் தாத்தா

சம்பந்தம் இருக்கிறது. நெதர்லாந்தில் 725 பேரிடம் எடுத்த ஆய்வு 2009-இல் வெளியானது. காற்றாலையால் வருமானம் பெறுபவர்கள் மற்றவர்களை விட அதிகச் சத்தத்தில் வசித்தும், தொந்தரவு என்று சொன்னவர்கள் அவர்களில் மிகக் குறைவு. அதற்காக நண்பர் பொய் சொல்கிறார் என்றோ மற்றவர்கள் நடிக்கிறார்கள் என்றோ ஆகாது. வேண்டும்போது நிறுத்தச் சொல்ல முடியும் என்ற நினைப்பே சத்தத்தின் கனத்தைக் குறைக்கும். தூக்கம்தேடிக்கு அந்த நினைப்பு இல்லை.

மொட்டைமாடி

எங்கள் ஊரில் பாதி தீர்ந்தது. காற்றாலையைக் கழற்றச் சொல்லிக் கேட்ட வரைக்கும் யாரும் காது கொடுக்கவில்லை. அப்புறம், காற்று எங்கள் பக்கம் வீசும் ராத்திரிகளில் மட்டும் வேகத்தைக் குறைத்து ஓட்டுங்கள் என்று கேட்டோம். இறக்கையின் பின் ஓரத்தில் ரம்பப் பல் மாதிரி ஒரு பட்டையும் ஒட்டினார்கள், அதில் இரண்டு மூன்று டெசிபல் குறையும் என்றார்கள். காதுக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வேகத்தைக் குறைத்ததுதான் வேலை செய்தது. இப்போதும் சில குளிர்கால ராத்திரிகளில் ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் படுக்கிறோம்.

தூக்கம்தேடி

அதைத்தான் நானும் கேட்கப்போகிறேன். தாத்தா, அடுத்த புகாரில் என்ன எழுதட்டும்?

டெசிபல் தாத்தா

"தூங்க முடியவில்லை" என்று மட்டும் எழுதினால் கோப்பில் தூங்கும். மணி என்ன, கீழே காற்று இருந்ததா, எந்தத் திசை, சத்தம் ஏறி இறங்கியதா, எவ்வளவு நேரம் என்று அன்றன்றைக்குக் குறித்துவையுங்கள். காற்றாலையின் கணினி பத்து நிமிடத்துக்கு ஒரு முறை காற்று வேகம், திசை, சுழற்சி வேகம், மின் உற்பத்தி எல்லாவற்றையும் பதிந்துகொண்டே இருக்கும். நீங்கள் குறித்த நேரங்களுக்கான பதிவை எழுத்து மூலம் கேளுங்கள். நகராட்சிக்குச் சொந்தமானது என்பதால் அது பொது ஆவணம் என்றே வாதிடலாம். பழைய பதிவுகளை அழிக்கக் கூடாது என்றும் அதே மனுவில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.