ஒன்பதாவது பிரதி வரவே இல்லை: நல்ல கூட்டணி சொல்லுங்கள்

வணக்கம், முதலியார்பேட்டையில் இருந்து எழுதுகிறேன். டீம்ஃபைட் டாக்டிக்ஸில் (எட்டுப் பேர் காசுக்கு வீரர்களை வாங்கி, அணி சேர்த்து மோதும் வீடியோ கேம்) இரண்டு மாதமாகக் கோல்டு ரேங்கைத் தாண்ட முடியவில்லை. 50 காசு சேர்த்து, சுற்றுக்கு 5 வட்டி வாங்குவதில் எனக்கு அப்படி ஒரு ஆசை (அம்மா சீட்டுப் பிடித்த வீடு, வேறென்ன). அதற்குள் பாதி உயிர் போய்விடுகிறது.

நேற்று ஒரு வீரனை மூன்று நட்சத்திரமாக்க, அதற்கு வேண்டிய 9 பிரதியில் 8 சேர்த்துவிட்டேன். ஒன்பதாவது வரவே இல்லை. அப்புறம் பார்த்தால், இன்னும் இரண்டு பேர் அவனையே வாங்கி வைத்திருக்கிறார்கள். எட்டுப் பேருக்கும் வீரர்கள் வருவது ஒரே குவியலில் இருந்துதானே! கடைசியில் ஆறாம் இடம்.

முன்வரிசையில் அடி தாங்க எத்தனை பேர் வேண்டும்? லெவல் 8-க்கு எப்போது போவது? அதிகம் பேர் எடுக்காத வீரர் கூட்டணி இருந்தால், யாருக்கு எந்த ஆயுதம் என்பதோடு சொல்லுங்கள். ஞாயிறு மாலை தம்பியோடு ஆட வேண்டும், அவன் எனக்கு மேலே, பிளாட்டினம் ரேங்க்.