கேம் ஆடும்போது மட்டும் கம்ப்யூட்டர் பட்டுனு ரீஸ்டார்ட் ஆகுது, உதவுங்க

நண்பர்களே, ரெண்டு வாரமா இதே தொல்லை. பிரவுசிங், வீடியோன்னா நாள் பூரா ஓடுது, ஆனா கேம் ஓப்பன் பண்ணா கொஞ்ச நேரத்துல ஃபேன் சத்தம் ஏறி ஸ்கிரீன் கருப்பாகி அதுவா ரீஸ்டார்ட் ஆயிடுது, நீல ஸ்கிரீன்கூட வரல. விண்டோஸ் எரர் பதிவுகளைக் காட்டுற ஈவென்ட் வியூவர்ல கெர்னல் பவர் 41 (சரியா ஷட் டவுன் ஆகாம நின்னுச்சுங்கிற பதிவு) மட்டும் இருக்கு, அது கரன்ட் போனாலும் வர்றதுதான், அத வச்சு காரணம் தெரியாது.

சிபியு 72 டிகிரி, கிராபிக்ஸ் கார்டு 78 தாண்டல. கார்டோட ட்ரைவர சுத்தமா எடுத்துட்டு திரும்ப போட்டாச்சு, ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட் (ரேம சோதிக்கிற புரோகிராம்) ஓட்டியும் எரர் இல்ல. ஃப்ரேம் ரேட்ட (செகண்டுக்கு எத்தன படம்ங்கிறது) 60ல லாக் பண்ணி கார்டோட லோட கொறச்சா மட்டும் ஒரு மணி நேரம் தாங்குது, அதான் பவர் சப்ளை மேல சந்தேகம், 550 வாட்ஸ், 6 வருஷம் பழசு. கார்டுக்கு ஒரே கேபிளோட ரெண்டு முனையும் மாட்டிருக்கேன், தனித்தனி கேபிள் போட்டா சரியாகுமா, இல்ல சப்ளையையே மாத்தணுமா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க ப்ளீஸ்.