எக்ஸ்32: ஹெட்போனில் கேட்பது ஒன்று, மேடை வெட்ஜில் வருவது வேறு. மானிட்டர் பகுதியை எப்படி அமைப்பது?

சபா ஒலி:
வணக்கம். பெஹ்ரிங்கர் எக்ஸ்32 டிஜிட்டல் மிக்ஸர், பெரிய மாடல். கர்னாடகக் கச்சேரி: குரல், வயலின், மிருதங்கத்துக்கு இரண்டு மைக், கடம், தம்புரா. மெயினும் (அரங்க ஸ்பீக்கர்) மேடை மானிட்டரும் இந்த ஒரே கன்சோலில்தான். வெட்ஜ்கள் (கலைஞர் தன் ஒலியைக் கேட்க மேடையில் வைக்கும் ஸ்பீக்கர்கள்) பஸ் 1 முதல் 4 வரை, அதாவது ஒவ்வொன்றுக்கும் தனி மிக்ஸ் வழி.

மிருதங்கத்துக்கு சோலோ (ஒரு சேனலை மட்டும் ஹெட்போனில் கேட்கும் பட்டன்) அழுத்தினால் கூடவே தம்புராவும் கேட்கிறது. தம்புரா சேனல் கண்ணில் படவே இல்லை. குரலை சோலோ செய்தால் ஹெட்போனில் சுத்தமாக இருக்கிறது, ஆனால் பாடகர் வெட்ஜில் அடிக்குரல் திரண்டு மொத்தையாக வருகிறது என்கிறார். டாக்பேக்கில் (கன்சோலில் இருப்பவர் பேசும் மைக்) மேடைக்குப் பேசினால் அரங்கம் முழுக்கக் கேட்கிறது. ஹெட்போனை எந்த அளவுக்கு நம்பலாம்?

வலந்தலை:
முதல் சிக்கல் சுலபம். 17–32 லேயரில் (அதே ஃபேடர்களில் மாற்றிப் பார்க்கும் அடுத்த சேனல் வரிசை) எங்கோ ஒரு சோலோ அணையாமல் கிடக்கிறது. மீட்டருக்குப் பக்கத்தில் கிளியர் சோலோ பட்டன் எரிகிறதா பாருங்கள். ஒரு தட்டு தட்டினால் எல்லா சோலோவும் போய், ஹெட்போன் பழைய சோர்ஸுக்குத் திரும்பும். இது தொடராமலிருக்க, மானிட்டர் பகுதியின் வியூவை அழுத்தி, திரையில் எக்ஸ்க்ளூசிவ் என்பதைப் போடுங்கள். புது சோலோ வந்ததும் பழையது தானாக அணையும். மிருதங்கத்தின் இரண்டு மைக்கையும் சேர்த்துக் கேட்கும்போது மட்டும் அதை எடுத்துவிட வேண்டும்.

அதே பக்கத்தில் சோர்ஸ் என்று ஒன்று இருக்கும். எதையும் சோலோ செய்யாத நேரத்தில் என்ன கேட்க வேண்டும் என்பது அதுதான். எல்ஆர் (அரங்கத்துக்குப் போகும் இடது-வலது மெயின்) பிஎஃப்எல், அதாவது ஃபேடருக்கு முன்னால் கேட்பது, என்றால் மெயின் ஃபேடரை (அளவை ஏற்றி இறக்கும் தள்ளு குமிழ்) முழுக்க இறக்கினாலும் மிக்ஸ் கேட்கும். எல்ஆர் ஏஎஃப்எல், அதாவது ஃபேடருக்குப் பின்னால் கேட்பது, என்றால் ஃபேடரோடு சேர்ந்து ஏறி இறங்கும். கச்சேரி ஓடும்போது ஏஎஃப்எல் வைப்பதே சரி. மெயின் இறங்கிக் கிடப்பது தெரியாமல் ஹெட்போனில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று உட்கார்ந்திருப்பதற்கு இடம் வைக்கக் கூடாது.

இப்போது முக்கியமானது. சோலோ என்பது சிக்னல் ஓடும் வழியில் ஓரிடத்தில் காதை வைப்பது. எந்த இடம் என்று தெரிந்த பிறகுதான் கேட்டதை நம்ப வேண்டும். சேனலுக்கு பிஎஃப்எல் வைத்தால் ஈக்யூ (கீழ், மேல் ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் பகுதி) தாண்டி, ஃபேடருக்கு முன்னால் கேட்கிறீர்கள். மியூட் போட்டிருந்தாலும் கேட்கும். அதனால் கலைஞர் மேடையில் உட்கார்ந்ததும், சபைக்குத் திறக்காமலே மைக்கைச் சோதிக்கலாம். கெயினும் (மைக் சிக்னலை உள்ளே வரும்போது பெருக்கும் அளவு) இப்படித்தான்: மூன்றாவது மீட்டர் வரிசையில் சோலோ அளவு காட்டும், அதில் சராசரி மைனஸ் 18 டெசிபல் பக்கம் நிற்க வேண்டும். மிருதங்கத்தில் வலந்தலையின் ஓங்கின அடி மைனஸ் 6-ஐத் தாண்ட விடாதீர்கள். தனி ஆவர்த்தனத்தில் இதைவிட ஏறும்.

வயலின் பிக்கப் கரகரத்தால் பிஎஃப்எல்லில் கேட்டுக்கொண்டே கெயினை 10 டெசிபல் இறக்குங்கள். கரகரப்பு போய்விட்டால் ப்ரீஆம்ப் (கெயின் கொடுக்கும் உள்ளீட்டுப் பெருக்கி) நிரம்பியிருந்தது. சத்தம் குறைந்தும் கரகரப்பு அப்படியே இருந்தால் சிக்னல் அப்படித்தான் வந்து சேர்கிறது: பிக்கப்பின் 9 வோல்ட் பேட்டரியை முதலில் மாற்றுங்கள், பிறகு கேபிள்.

மூன்றாம் பஸ்:
வெட்ஜ் விஷயத்துக்கு நான் சொல்கிறேன். நீங்கள் சேனலை சோலோ செய்கிறீர்கள். வெட்ஜுக்குப் போவது பஸ். குரல் சேனலிலிருந்து பஸ் 1-க்குப் போகும் சென்ட் (பிரிந்து போகும் பங்கு) எங்கிருந்து பிரிகிறது என்று பாருங்கள். சேனலை செலக்ட் செய்து, ஹோம் பக்கத்தில் சென்ட்ஸ். அங்கே ப்ரீ ஈக்யூ (ஈக்யூவுக்கு முன்) என்றிருந்தால் காரணம் கிடைத்துவிட்டது: 250–300 ஹெர்ட்ஸில் நீங்கள் வெட்டியது ஹெட்போனுக்கு வருகிறது, வெட்ஜுக்குப் போகவில்லை. ப்ரீ ஃபேடர் என்று மாற்றினால் ஈக்யூவும் சேர்ந்து போகும். 1-2, 3-4 என்று ஜோடியாகத்தான் மாறும், கவனம்.

ஆனால் இதில் இன்னொரு தலைவலி உண்டு. ஒரே கன்சோல் என்பதால், நடுவில் அரங்கத்துக்காகக் குரலின் ஈக்யூவைத் திருகினால் பாடகரின் வெட்ஜும் கூடவே மாறும்; ஆலாபனை நடுவில் அவர் திரும்பிப் பார்ப்பார். ஆறு மைக்தானே இருக்கிறது, 32 சேனல் சும்மா கிடக்கிறது. ரூட்டிங்கில் (எந்த உள்ளீடு எந்தச் சேனலுக்கு என்று அமைக்கும் பக்கம்) 17–24 உள்ளீட்டுக்கும் லோக்கல் 1–8-ஐயே, அதாவது கன்சோலின் பின்பக்கச் சாக்கெட்டுகளையே, கொடுங்கள். 1–8 அரங்கத்துக்கு, 17–24 வெட்ஜுக்கு மட்டும். இந்த இரண்டாம் வரிசையின் எல்ஆர் இணைப்பை எடுத்துவிடுங்கள், முதல் வரிசையின் பஸ் சென்ட்களை இறக்கிவிடுங்கள். ஈக்யூ தனித்தனி. ப்ரீஆம்ப் ஒன்றுதான் என்பதால் கெயின் மட்டும் பொது: கச்சேரி தொடங்கிய பிறகு அதைத் தொடாதீர்கள்.

பிறகு மானிட்டர் பக்கத்தில் சேனல் சோலோவை பிஎஃப்எல், பஸ் சோலோவை ஏஎஃப்எல் என்று பிரித்து வையுங்கள். பஸ் 1-ஐ சோலோ செய்தால் பஸ் ஈக்யூ, பஸ் ஃபேடர் எல்லாம் சேர்ந்து, கன்சோலிலிருந்து வெட்ஜுக்குக் கிளம்புவது என்னவோ அது கேட்கும். அப்படிக் கேட்டும் சுத்தமாக இருந்து, மேடையில் மட்டும் மொத்தையாக இருந்தால் வெட்ஜையும் அது வைத்திருக்கும் இடத்தையும் பாருங்கள். பலகை மேடை, பின்னால் சுவர் என்றால் கீழ் ஒலி ஏறத்தான் செய்யும். பஸ் ஈக்யூவில் 200 ஹெர்ட்ஸ் பக்கம் 3–4 டெசிபல் குறைக்கலாம்.

டாக்பேக்: அந்தப் பகுதியின் வியூவில் டாக் ஏ எங்கெல்லாம் போகிறது என்று கட்டம் இருக்கும். எல்ஆர் டிக் ஆகியிருக்கிறது, எடுத்துவிடுங்கள். ஏ-வில் பஸ் 1–4 மட்டும். அரங்கத்துக்கு அறிவிப்பு வேண்டுமென்றால் அதை பி-யில் தனியாக வையுங்கள். லேட்ச் (ஒரு தட்டில் அப்படியே ஆனில் நிற்பது) வேண்டாம்; விரல் எடுத்ததும் மைக் அணைய வேண்டும். பக்கத்து தாவலில் ஆஸிலேட்டர் (சோதனை ஒலி எழுப்புவது) இருக்கிறது, அதுவும் எல்ஆருக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேறொருவர் பயன்படுத்திய கன்சோல் கைக்கு வந்தால் நான் முதலில் திறப்பது இந்த இரண்டு பக்கத்தைத்தான்.

சபா ஒலி:
சென்ட் ப்ரீ ஈக்யூவில்தான் இருந்தது, மூன்றாம் பஸ் அண்ணா. எல்ஆர் டிக்கும் அப்படியே. நன்றி. இன்னும் ஒன்று: கன்சோல் ஸ்பீக்கரிலிருந்து 21 மீட்டர் தள்ளி இருக்கிறது. ஹெட்போன் போட்டால் எதுவும் இரண்டு தடவை கேட்கிறது. கன்சோல் பக்கத்தில் ஒரு வெட்ஜ் வைத்தும் கேட்கலாமா?

வலந்தலை:
ஹெட்போனுக்கு ஒலி உடனே வருகிறது, காற்றில் வருவது தாமதமாகிறது. 32 டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். 21-ஐ 350-ஆல் வகுத்தால் 60 மில்லி நொடி. மானிட்டர் பக்கத்தில் டிலேவை (தாமதம்) ஆன் செய்து 60 வையுங்கள். கடத்தின் அடியைக் கேட்டுக்கொண்டே ஓரிரண்டு மில்லி நொடி முன்பின் நகர்த்தினால், இரண்டு அடியும் ஒன்றாகச் சேரும் இடம் தெளிவாகத் தெரியும். இந்த டிலே மானிட்டர் வழிக்கு மட்டும்தான், மெயினைத் தொடாது. கன்சோலை மேடையோரம் மாற்றினால் மறக்காமல் அணையுங்கள்.

மூடிய வகை ஹெட்போனானாலும் சப் (கீழ் ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர்) சத்தம் உடம்பு வழியாக ஏறிவிடும். கீழ் ஒலியை ஹெட்போனில் முடிவு செய்யாதீர்கள். அரங்கச் சத்தத்தை மீறிக் கேட்க ஃபோன்ஸ் லெவலை ஏற்றிக்கொண்டே போகவும் வேண்டாம். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியோஷின் வரம்புப்படி 100 டெசிபல் என்றால் ஒரு நாளைக்கு 15 நிமிடம்தான். சோலோ, கேள், கழற்று: அவ்வளவுதான்.

மூன்றாம் பஸ்:
வெட்ஜ் தாராளமாக வைக்கலாம், கன்சோல் மேடையோரம் இருந்தால். பின்பக்க மானிட்டர் எக்ஸ்எல்ஆரிலிருந்து எடுங்கள். மேடையில் இருக்கும் அதே மாடல் வெட்ஜ் இல்லையென்றால் பயன் பாதிதான். பஸ் 1-ஐ சோலோ செய்து, பாடகர் இடத்தில் ஒருவரைப் பேச வைத்து, அவருடைய வெட்ஜிலும் உங்களுடையதிலும் ஒரே தூரத்தில் நின்று கேட்டு, மானிட்டர் லெவல் குமிழைச் சமப்படுத்துங்கள். அந்த இடத்தில் டேப் ஒட்டிக் கோடு போட்டுவிடுங்கள்.

சோர்ஸை ஆஃப் செய்தால் சோலோ இல்லாதபோது இந்த வெட்ஜ் அமைதியாக இருக்கும். ஆனால் ஹெட்போனுக்கும் அதே சோர்ஸ்தான், இரண்டையும் பிரிக்க முடியாது. லெவல் குமிழ் மட்டும்தான் தனித்தனி. டாக்பேக் மைக் இந்த வெட்ஜின் முன்னால் இருப்பதால் கத்தும். அதற்குத்தான் ஆட்டோ டிம்: டாக் அழுத்தும்போது மானிட்டர் தானாக இறங்கும். எவ்வளவு இறங்க வேண்டும் என்பது டிம் அட்டென்யுவேஷனில் இருக்கிறது. 20 டெசிபல் போதும்.

உங்களுக்கு 21 மீட்டர் என்பதால் வெட்ஜ் வேண்டாம். முன்வரிசை ரசிகர்களுக்குப் பின்னால் இன்னொரு சத்தமூலம் ஆகிவிடும்.